கூரையும் காழும்: தமிழர் மனைகளில் மறைபழுது நீக்கிய வரலாறு

முன்னுரை

தமிழர் மனையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனைக் கூரைப் பொருளின் வரலாறாகவே எழுதுவர். முதலில் புல்லும் ஓலையும். பின்னர்ச் சுட்ட ஓடு. அதன் பின்னர்ச் சுண்ணாம்புத் தளம். இறுதியில் இரும்பும் சிமிட்டியும் கலந்த கான்கிரீட்டு. இவ்வரிசை பொய்யன்று. ஆயினும், இது மேலிருந்து நோக்குவார்க்கு மட்டும் புலப்படும் வரிசை. மழையைத் தடுப்பது மேற்பரப்பு; அம்மேற்பரப்பைத் தாங்குவனவோ அதன் அடியில் உள்ள கழியும் கைமரமும் வளையும் உத்திரமும் அவற்றைப் பிணித்த கட்டும். மேற்பரப்பு நைந்தால் ஒழுக்கு உண்டாகும். அடியில் உள்ளவை நைந்தால் வீடே விழும். முன்னது கண்ணுக்குத் தெரியும், பின்னது தெரியாது. கண்ணுக்குப் புலனாகாத இக்கேட்டினை ‘மறைபழுது’ என ஈண்டு வழங்குவோம்.

கூரை எதனால் வேயப்பட்டது என்பதை விடுத்து, எத்துணைக் காலத்திற்கு ஒருமுறை அது திறக்கப்பட்டது, திறந்தவர் யாது கண்டனர், கண்டதனை எப்பெயரால் வழங்கினர் என வினவுவோமாயின் வரலாறு வேறு வடிவம் கொள்ளும். அவ்வினாக்களுக்கு இலக்கியம், கல்வெட்டு, கட்டடத்தொழில் வழக்கு ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிரைத்தல், முடித்தல், வேய்தல்

பத்துப்பாட்டினுள் மனைகளின் வேறுபாட்டை மிக விரிவாகக் காட்டுவது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை. பாணன் தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் வழியில் நிலந்தோறும் கூரை மாறுகின்றது. எயினர் குரம்பை ஈந்தின் இலையால் வேயப்பட்டு முள்ளம்பன்றியின் முதுகு போலத் தோன்றுகின்றது. வேறோரிடத்துப் புது வைக்கோல் வேய்ந்த குடில் காணப்படுகின்றது. தோட்டப் பயிர் செய்யும் உழவர் மனை தென்னையின் வாடிய மடலால் வேயப்பட்டது. வலைஞர் குரம்பை தருப்பைப் புல்லால் வேயப்பட்டது. அவ்வந் நிலத்தில் எளிதிற் கிடைப்பதே அவ்வந் நிலத்தின் கூரை என்பது இவற்றால் விளங்கும். இதனை அறிஞர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர்.

வலைஞர் குரம்பையைப் புலவர் கூறும் முறையில் பிறிதொன்றும் நோக்கத்தக்கது. வேழக் கோல்களை நிரைத்து, இடையிடையே வெண்ணிறக் கொம்புகளை விரவி, தாழை நாரால் முடித்து, அதன்பின் தருப்பையால் வேய்ந்தது அக்குரம்பை. நிரைத்தல், முடித்தல், வேய்தல் என மூன்று வினைகள் இங்கே செய்முறை ஒழுங்கிலேயே வைக்கப்பட்டுள்ளன. நிரைத்தது சட்டகம், முடித்தது கட்டு, வேய்ந்தது போர்வை. கட்டி முடித்தபின் புறத்தே நிற்பார் கண்ணுக்குத் தெரிவது மூன்றாவது ஒன்றே. முன்னிரண்டும் அதன் கீழ் மறைந்துவிடும். புலவர் மறைந்தவற்றையும் கூறினார். கூரை வேயக் கண்டவரே இவ்வாறு கூறவியலும்.

இம்மூன்று வினைகளையும் இக்கட்டுரை முழுதும் அளவுகோலாகக் கொள்வோம். பிற்காலத்து ஒவ்வொரு கூரையும் புதுக்கப்படும்போது இம்மூன்றனுள் எது புதுக்கப்பட்டது, எது புதுக்கப்படாது விடப்பட்டது என்பதே மறைபழுதின் வரலாறு.

சிறுபாணாற்றுப்படை காட்டும் அட்டில்

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பாணனது வறுமை கூறுமிடத்து ஓர் அட்டில் காட்டப்படுகின்றது. கண் திறவாத குட்டிகள் பால் உண்ணுதலைப் பொறாது குரைக்கும் நாய், உப்பின்றி வேளைக் கீரையை வேவித்த கிணைமகள், பிறர் காண நாணி அவள் அடைத்த கதவு ஆகியவை நன்கறியப்பட்டவை. அவற்றிடையே அவ்வட்டிலின் கட்டட நிலையும் கூறப்படுகின்றது. கூரைக் கழிகள் கட்டற்று வீழ்கின்றன, சுவர் பழஞ்சுவர், திரண்ட சிதல் அரித்துள்ளது, அரித்த புழுதியிற் காளான் பூத்துள்ளது.

இப்பகுதியை வறுமையின் ஓவியமாகக் கொள்வதே வழக்கம். அது பொருந்தும். ஆயினும் இவ்வொழுங்கு வெறும் அடுக்கன்று என்பது எம் கருத்து. கட்டு அறுந்தால் கழி நழுவும்; கழி நழுவினால் போர்வை விலகும்; விலகிய வழியே மழைநீர் சுவர்த்தலையில் இறங்கும்; ஈரம் ஏறிய மண்சுவரைப் பற்றிச் சிதல் மேலேறும்; ஈரமும் மட்கிய மரத்தூளும் சேர்ந்த இடத்துக் காளான் தோன்றும். இன்றைய கட்டட ஆய்வாளர் ஒரு பழைய வீட்டின் கேட்டைக் கூறுவதாயின் இதே ஒழுங்கிற் கூறுவர். காளான் இறுதி அறிகுறி. அது புறத்தே தோன்றும் காலத்து அகத்தே கேடு முற்றியிருக்கும். வறுமையுற்ற மனையில் முதலில் தவறுவது ஆண்டுதோறும் கட்டினைப் புதுக்கும் பணியே என்பதையும், அதன் விளைவே பிற யாவும் என்பதையும் இவ்வடிகளால் உய்த்துணரலாம்.

சிதல் என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. சிதல், சிதலை, செல், கரையான் எனத் தமிழில் இவ்வுயிர்க்கு வழங்கும் பெயர் பல. நாலடியார், சிதலை தின்ற ஆலமரத்தை அதன் விழுதே ஊன்றித் தாங்குதலை, தளர்ந்த தந்தையை மகன் தாங்குதற்கு உவமையாக்கும். ஆங்கு விழுது ‘மதலை’ எனப்படுகின்றது. மதலை மகனையும் குறிக்கும். தாங்கும் தூணையும் குறிக்கும். அரிக்கப்பட்ட உத்திரத்தின் கீழ்த் தூண் நிறுத்தி முட்டுக் கொடுக்கும் வழக்கம் அந்நாளிலும் கண்முன் நிகழ்ந்ததாதல் வேண்டும். இன்றேல் இவ்வுவமை கேட்போர் உள்ளத்திற் பதியாது.

பிரித்து மேய்தல்

வேய்தல் என்னும் சங்கச் சொல் இன்றும் வழக்கில் உள்ளது. ஊர்ப்புறத்தார் இதனை ‘மேய்தல்’ என்பர். வகரம் மகரமாகத் திரிந்த இச்சொல் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. ‘பிரித்து மேய்தல்’ என்றே வரும். இவ்விணைப்பிலேயே தொழிலின் உண்மை அடங்கியுள்ளது. பழைய கூரையின்மேல் புதுக் கீற்றைப் பரப்புதல் மேய்தல் ஆகாது. பழையதை முகட்டிலிருந்து இறவாணம் வரை பிரித்தெடுத்த பின்னரே புதியது ஏறும்.

சோழநாட்டில் கீற்று என்றும் யாழ்ப்பாணத்தில் கிடுகு என்றும் வழங்கும் பின்னிய தென்னோலை ஓரிரண்டு ஆண்டே தாங்கும். பனையோலை அதனினும் சிறிது மிகுதியாக நிற்கும். கனமாக வேய்ந்த விழல் இன்னும் நெடுநாள் உழைக்கும். எதுவாயினும், அறுவடை முடிந்து கையில் ஓய்வும் களத்தில் வைக்கோலும் உள்ள காலத்தில், மழைக்கு முன்னர் இப்பணி நிகழும். கூரை பிரிந்த அந்நாளில் வீட்டின் எலும்புக்கூடு முழுதும் வெளிப்படும். கைமரங்கள் தட்டிப் பார்க்கப்படும். நைந்த கயிறும் நாரும் அறுத்து மாற்றப்படும். உளுத்த மூங்கிற் கழி அகற்றப்படும். சுவர்த்தலையில் ஏறிய செல் மண்கோடு சுரண்டப்படும். இறப்பிற் செருகி மறந்த அரிவாளும் ஓலையும் அன்றுதான் மீளும்.

ஆகவே ஓலைக் கூரையின் நிலையாமை ஒரு குறையேயாயினும், அக்குறையே ஒரு காப்பாகவும் அமைந்தது. போர்வை விரைவில் மட்கியதால் சட்டகம் ஆண்டுதோறும் கண்காணிக்கப்பட்டது. மூன்றாம் வினையின் பொருட்டு முதலிரு வினைகளும் திரும்பச் செய்யப்பட்டன.

பழுதின் பெயர்கள்

கண்டதனை வேறுபடுத்திக் கூறச் சொல் வேண்டும். தமிழ் வழக்கில் அச்சொற்கள் செறிவாக உள்ளன. ஓலையும் வைக்கோலும் ‘மக்கும்’. மூங்கிலும் மரமும் வண்டு துளைத்துப் பொடியுதிர்ந்தால் ‘உளுக்கும்’. கரையான் மண் கொணர்ந்து உண்டால் ‘செல்லரிக்கும்’. வலியிழந்து முறியும் நிலையை அடைந்தது ‘இற்றுப்போகும்’. சுவர் ஈரத்தால் ‘ஓதம் காக்கும்’, உப்பால் ‘பொரியும்’. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு காரணத்தையும், அதனால் ஒரு மருந்தையும் குறிக்கும். உளுத்த கழிக்கு மாற்றுக்கழி போதும்; செல்லரித்த கழிக்கு மாற்றுக்கழி போதாது, கரையான் ஏறிய வழியையும் அடைத்தல் வேண்டும். ஓதம் காத்த சுவருக்குப் பூச்சு மருந்தன்று. நீர் வரும் இடத்தை அறிதலே மருந்து.

இதனினும் நுட்பமானது காழ் பற்றிய அறிவு. தொல்காப்பிய மரபியல் ஓரறிவுயிரைப் பாகுபடுத்துங்கால், புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் வகுக்கின்றது. இவ்வகையால் தெங்கும் பனையும் மூங்கிலும் புல்லாகும்; தேக்கும் வேம்பும் மரமாகும். இதனை இலக்கண நூலின் பெயரீட்டு மரபாக மட்டுமே கற்பிக்கின்றோம். கூரை பிரிக்கும் தச்சர்க்கோ இது நாள்தோறும் பயன்படும் அளவை. தேக்குக் கைமரத்தில் கரையான் புறத்தேயுள்ள வெள்ளையைத் தின்னும். அகத்தேயுள்ள வைரம் எஞ்சி நிற்கும். பார்வைக்கு அது கெட்டதாகத் தோன்றினும், வெள்ளையைச் செதுக்கிவிட்டால் உள்ளது உதவும். பனங்கையில் நிகழ்வது இதற்கு மாறானது. புறம் இரும்பு போல நிற்கும். அகத்தேயுள்ள சோறு அரிக்கப்பட்டுப் பொள்ளலாகும். பார்வைக்கு அது நல்லதாகவே தோன்றும். தட்டினால் ஒலி காட்டிக்கொடுக்கும்.

அகக்காழ் உடையதன் கேடு புறத்தே தெரியும். புறக்காழ் உடையதன் கேடு அகத்தே மறையும். எனவே முன்னதைக் கண்ணால் ஆய்வர், பின்னதைச் செவியால் ஆய்வர். மரபியற் பாகுபாடு ஏட்டிற் பிறந்ததன்று. மரம் அறுத்து வீடு கட்டியோர் அறிவிலிருந்து இலக்கணத்திற்கு வந்ததென்று கருதுதற்கு இஃது இடந்தருகின்றது.

புதுக்கும் கடனும் உரிமையும்

கோயில்களைப் பழுது பார்த்தற்கென விடப்பட்ட நிலம் கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ எனப்படும். ஏரிகளைக் காத்தற்கு ஏரி வாரியம் இருந்தமை 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்த முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளால் நன்கு அறியப்பட்டது. பொதுவுடைமைகட்குப் புதுக்கும் ஏற்பாடு நிலையாக அமைந்தது. தனியார் மனையைப் புதுக்குதலோ அவரவர் கடனாக இருந்தது. வசதி குன்றியபோது அக்கடனே முதலில் தவறியது.

கூரைப்பொருளைத் தேர்தலும் எல்லார்க்கும் உரியதாக இல்லை. பல்லவர், சோழர் செப்பேடுகள் சிலவற்றில், பிரமதேயம் பெற்றார்க்குரிய உரிமைகளுள் ஒன்றாகச் சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்தல் கூறப்படுகின்றது. கொங்குநாட்டுக் கல்வெட்டுகளில், கம்மாளர் தம் வீட்டிற்குச் சாந்து பூசிக்கொள்ளுதல் அரசாணையால் வழங்கப்பட்ட உரிமையாகக் காணப்படுகின்றது. உரிமையாக வழங்கப்பட்டது என்பதனால், அதற்குமுன் அஃது இல்லை என்பது பெறப்படும். பிறர் வீடு கட்டிக்கொடுத்த கைவினைஞரே தம் சுவருக்குச் சாந்து பூச ஆணை பெறவேண்டியிருந்தது. எனவே ஓலைக் கூரையின் நீடிப்பை வறுமையால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. ஓலைக் கூரையைப் புகழ்வாரும் இதனை மறத்தலாகாது.

ஓட்டுக் கூரை

நாட்டோடு குயவர் சக்கரத்தில் வனையும் குழல்வடிவைப் பிளந்து சுட்டுச் செய்யப்படுவது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதன்றி ஆணியாற் பிணிக்கப்படுவதன்று. பூனை ஓடினும் குரங்கு குதிப்பினும் ஓடு நகரும். இதனால் ஓட்டு வீட்டிற்கும் பிரித்து மேய்தல் வேண்டியதாயிற்று. உடைந்தவற்றைக் கழித்து நல்லவற்றைத் திரும்ப அடுக்குவர். ஆயினும் ஓலைபோல் ஆண்டுதோறும் அன்று; இடைவெளி நீண்டது.

1865ஆம் ஆண்டு பாசல் மிஷனைச் சார்ந்த பிளெப்ஸ்ட்டு என்பார் மங்களூரை அடுத்த ஜெப்புவில் ஓட்டு ஆலை தொடங்கினார். பொறியால் அழுத்தி ஒரே அளவாகச் செய்யப்பட்டு, ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் விளிம்புடைய இத்தட்டை ஓடு ‘மங்களூர் ஓடு’ எனத் தென்னாடெங்கும் பரவியது. கைமரத்தின் குறுக்கே அறைந்த ‘ரீப்பர்’ சட்டங்களின்மேல் இது தொங்கும். எளிதில் நகராது, ஓர் ஓடு உடைந்தால் அதனை மட்டும் உருவி வேறொன்று செருகலாம். இஃது அரிய வசதி. இவ்வசதியின் விளைவோ எண்ணத்தக்கது. உடைந்த ஓட்டின் வழியே பல மாதம் இறங்கிய நீர் ரீப்பரையும் கைமரத்தையும் நனைத்திருக்கும். ஓட்டை மாற்றியவர் ஒழுக்கு நின்றதும் இறங்கிவிடுவார். கூரையின் அடியிற் பலகை தைத்த வீடுகளில் கைமரம் கீழிருந்தும் தெரியாது. இரு சாய்வுகள் சேரும் கூடுவாயிலும், கைமரம் அமரும் சுவர்த்தலையிலுமே கேடு மிகும். அவ்விரண்டும் ஓடு மாற்றுவார் கண்ணில் எளிதிற் படாதவை. இங்கு மூன்றாம் வினை தனித்து நின்றது, முதலிரண்டும் பின்தள்ளப்பட்டன.

மட்டப்பா

‘மெட்ராஸ் டெரஸ்’ எனக் கட்டடவியலார் குறிக்கும் மட்டப்பா வேறொரு சிக்கலை உண்டாக்கியது. உத்திரங்களின்மேல் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக இட்டு, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்கோணத்திற் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்துக் கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். அதற்கும் மேல் தட்டோடு பதிப்பர்.

இத்தளம் நன்கு இட்டால் தலைமுறைகள் நிற்பது. இதனைப் பிரித்து மேய்தல் இயலாது, உடைத்தலே இயலும். உத்திரத்தின் உடல் அறையினுள் தெரியும். அதன் தலையோ சுவரினுள் புதைந்திருக்கும். சுவரில் ஏறும் ஓதம் முதலிற் பற்றுவது அத்தலையையே. நடுவில் வைரம் பாய்ந்து நிற்கும் உத்திரம் இரு முனையிலும் இற்றிருத்தல் உண்டு. ஒழுக்குக் கண்ட வீட்டுடையார் பெரும்பாலும் செய்வது, பழைய தளத்தின்மேல் இன்னொரு தளமோ தட்டோட்டு வரியோ இடுதல். ஒழுக்கு நிற்கும், நின்றதனால் மனம் அமையும். ஆனால் இற்ற உத்திரத்தின்மேல் சுமை கூடியிருக்கும். பழுது நீக்கும் செயலே பழுதினை வளர்ப்பதை இங்குக் காண்கின்றோம். பெருமழையிற் பழைய மாடிவீடு இடிந்து விழுந்தது எனக் கேட்கும்போது, மழையை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது. நீரூறிக் கனத்த பல அடுக்குத் தளமும் அதன் அடியில் எவரும் காணாத உத்திரத் தலையும் உடன்காரணங்களாக இருத்தல் கூடும்.

இரும்பும் சிமிட்டியும்

கான்கிரீட்டுக் கூரை கட்டுவாரை உற்று நோக்கின் பழைய மூன்று வினைகளும் அங்கும் உள்ளமை புலனாகும். முதலில் இரும்புக் கம்பிகளை நிரைக்கின்றனர். பின் மெல்லிய கட்டுக்கம்பியால் முடிக்கின்றனர். இறுதியிற் காரையைப் பொழிந்து மூடுகின்றனர். வேழமும் தாழை நாரும் தருப்பையும் நின்ற இடத்தில் இவை நிற்கின்றன. வேறுபாடு ஒன்றே. அங்கு மூன்றும் பிரிக்கத்தக்கவை. இங்கு மூன்றும் ஒரே நாளில் ஒன்றாக உறைந்து, பின் என்றும் பிரியா.

கம்பியும் பனங்கை போல மறைவிற் கெடுவதே. காரையின் காரத்தன்மை கம்பியைத் துருவினின்று காக்கும். கம்பியை மூடிய காரை மெல்லிதாயின், காற்றும் ஈரமும், கடற்கரையாயின் உப்பும், உள்ளே புகுந்து அக்காப்பை அழிக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கொள்வதாதலின், காரையைப் பிளந்து கீழே தள்ளும். அடித்தளம் பெயர்ந்து விழும் இடத்தில் மேற்பூச்சுப் பூசி வெள்ளையடித்தல், ஓதம் காத்த சுவருக்குப் பூச்சிடுதலை ஒத்த பிழையே. தளர்ந்த காரையைத் தட்டி நீக்கி, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்த இடத்துப் புதுக்கம்பி சேர்த்து, அதன்பின்னரே மூடுதல் வேண்டும். இதுவும் பிரித்து மேய்தலே.

ஓலைக்கு மீளுதல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில், கீற்றுக் கூரையிற் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டது. அதன்பின் ஓலைக்காகப் பரிந்து பேசுவார் அதனை நினைந்தே பேசுதல் வேண்டும். 2010ஆம் ஆண்டு தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட்டு வீடுகளாக்கும் நோக்குடையதாக இருந்தது. 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030ஆம் ஆண்டிற்குள் 8 இலட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டது. இவை குடிசைவாழ்வார் தலைமுறைகளாக வேண்டி நின்றவை. ஆயினும், முன்னைய அரசுத் திட்டங்களிற் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது நீக்குதற்கும் அதே 2024ஆம் ஆண்டில் தனித் திட்டம் வகுக்க நேர்ந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. ‘நிலையான வீடு’ என்று வழங்குவதும் புதுக்க வேண்டுவதே என்பதை அது மெய்ப்பிக்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கூரைப்பொருள் உறுதி பெறுந்தோறும் கூரை திறக்கப்படும் இடைவெளி நீண்டமையும், இடைவெளி நீளுந்தோறும் மறைபழுது வளர்ந்தமையும் விளங்கும். ஓலையில் ஓரிரு ஆண்டாக இருந்தது, நாட்டோட்டிற் சில ஆண்டாகி, மங்களூர் ஓட்டில் நெடிதாகி, மட்டப்பாவிலும் கான்கிரீட்டிலும் கேடு முற்றித் தானே வெளிப்படும் வரை என்றாயிற்று. திறந்து பார்க்கும் வழக்கம் ஒழிந்தபோது, பார்த்ததைக் கூறும் சொற்களும் ஒழியத் தொடங்கின. மக்குதல், உளுத்தல், செல்லரித்தல், இற்றுப்போதல் என்று பிரித்துணர்ந்த இடத்தில் இன்று ‘ரிப்பேர்’ என்னும் ஒரு சொல்லே நிற்கின்றது. காரணம் பிரித்தறியும் சொல் மறைந்தால், மருந்தைப் பிரித்தறியும் அறிவும் உடன் மறையும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. இறப்பு, இறவாணம் முதலிய கூரைச் சொற்கள் அதனுள் இடம்பெற்றுள்ளன. அகராதி பொருள் கூறும், செய்முறை கூறாது. அதனைக் கூறவல்லோர் கூரை பிரித்த முதிய தச்சரும், தளம் அடித்த கொத்தரும், கீற்று முடைந்த மகளிரும் ஆவர். முதுகலை மாணவர் தத்தம் ஊரில் பழைய வீடொன்றின் கூரை பிரிக்கப்படும் நாளில் உடனிருந்து, உறுப்பின் பெயர், பழுதின் பெயர், அதனை ஆய்ந்த முறை ஆகியவற்றை எழுதிக்கொள்வாராயின், பெரும்பாணாற்றுப்படைக்கும் மரபியலுக்கும் உரை காண்பார்க்கு அது பெருந்துணையாகும். பழைய வீடுகளைத் தகரத்தாலும் மேற்பூச்சாலும் மூடிவிடும் இந்நாளில் அவ்வாய்ப்பு ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. புதிய போர்வை ஏறுமுன் அடியில் உள்ளதைத் திறந்து பார்த்தல் வீட்டுடையார்க்கு உயிர்க்காப்பு. தமிழ் கற்போர்க்கு அது விரைந்து செய்யவேண்டிய ஆய்வுப்பணி.